ராஜாஜி சாலை ரிசர்வ் வங்கிக்குக் கல்மண்டபத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கியின் சென்னை அலுவலக அதிகாரிகளுக்கு,

வணக்கம். ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் பதினொரு வருடமாக ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை நடத்துகிறேன். ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, லேமினேஷன். இதுதான் என் தொழில். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஜெராக்ஸ் எடுக்க வருவதில்லை. பாஸ்புக்கை நீட்டி, "இதுல இன்னா எழுதிக்குதுன்னு கொஞ்சம் பாரு பாப்பா" என்பார்கள். காசிமேட்டில் மீன் விற்கிற பெண்கள், துறைமுகத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்கிற அண்ணன்கள், எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கிற பிள்ளைகள். உங்கள் கட்டடம் இங்கிருந்து ஒரு பஸ் தூரம். கடற்கரை ரயில் நிலையம் தாண்டிப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். ஏழைகள் கணக்கில் வங்கிகள் பிடிக்கிற கட்டணமும் அபராதமும் அவர்களை என்ன பாடு படுத்துகிறது என்கிற செய்தி, இவ்வளவு பக்கத்தில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரவில்லையே என்கிற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

வங்கிகள் பிடிக்கிற கட்டணங்களை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. தொகையைச் சொல்லித்தான் பேசுவார்கள். 17.70 என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிற எஸ்எம்எஸ் கட்டணம், 15 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும். 236 என்றால் ஏடிஎம் கார்டுக்கு வருடச் சந்தா. 295 வந்தால், கணக்கில் பணம் இல்லாமல் ஏதோ ஒரு கடன் டியூ பவுன்ஸ் ஆகியிருக்கிறது. 27.14 வந்தால் மாதத்தில் இலவசமாக எடுக்க வேண்டிய தடவைகள் முடிந்தபிறகு ஏடிஎம்மில் கை வைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கில் இதற்கெல்லாம் பக்கத்தில் இருப்பது ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துச் சுருக்கம். பதினொரு வருடம் பார்த்த எனக்கே சிலது இன்னும் புரிவதில்லை. தமிழ்கூட எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆயாவுக்கு எப்படிப் புரியும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் வருடம் முழுக்க ஆயிரம் ரூபாய் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரிய வங்கிகள் இன்று சேமிப்புக்குக் கொடுக்கிற இரண்டரை சதவீத அளவு வட்டியில் அவருக்குக் கிடைப்பது 25 ரூபாய். எஸ்எம்எஸ்ஸுக்கு நான்கு தடவை 17.70, கார்டுக்கு 236. மொத்தம் 306.80 போகிறது. அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, எந்த விதியையும் மீறவில்லை. பணத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வங்கியில் போட்டார், அவ்வளவுதான்.

ஒரு ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரும் வங்கியின் பெயரும் வேண்டாம். காசிமேட்டில் அன்னக்கூடையில் மீன் வைத்து விற்கிறவர். மகன் விசைப்படகில் போகிறான். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த இரண்டு மாதம் எங்கள் பக்கத்தில் கையில் காசு ஓடாது. கணக்கில் இருந்ததையெல்லாம் வழித்து எடுத்துதான் ஆயா அரிசி வாங்கினார். அரசு கொடுக்கிற தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் கணக்கில் ஏறியது. ஏறிய அன்றே 354, 354, 354 என்று மூன்று வரி. மொத்தம் 1,062 ரூபாய். மினிமம் பேலன்ஸ் வைக்காததற்கு அபராதம், முந்தைய மாதங்களின் பாக்கியோடு.

ஆயா என்னிடம் சண்டைக்கு வரவில்லை, அழவும் இல்லை. பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் எடுக்கவே இல்லியேம்மா, எங்க பூச்சு துட்டு?" என்று மட்டும் கேட்டார். "உன் கணக்குல பணம் கம்மியா இருந்துச்சு ஆயா, அதனால அபராதம் போட்டுட்டாங்க" என்றேன். "கம்மியா இருந்ததாலதான் கம்மியா இருந்துச்சு. அதுக்கு இன்னாத்துக்கு அபராதம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள், அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

இது ஒரு ஆயாவோடு முடிகிற கதை இல்லை என்பதற்கு 2023 செப்டம்பரே சாட்சி. கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் முதல்முறையாகக் கணக்கில் ஏறியபோது, பல பெண்களுக்கு அந்தப் பணத்திலிருந்தே வங்கிகள் பிடித்துக்கொண்டன. அன்றைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, அந்தத் தொகையை வேறு கட்டணங்களுக்கு நேர்செய்யக் கூடாது என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. புகார் சொல்ல 1100 என்ற எண்ணைக் கொடுத்தார். ஒரு மாநில அமைச்சர் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஆயிரம் ரூபாய்க்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்றால், அமைச்சர் கண்ணில் படாத பணத்துக்கு யார் பாதுகாப்பு? அதே வருடம் டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாயை ரேஷன் கடையில் ரொக்கமாகக் கையில் கொடுத்தார்கள். வரிசையில் நின்றது கஷ்டம்தான். ஆனால் ஆறாயிரமும் முழுதாக வீட்டுக்கு வந்தது. எங்கள் தெருப் பெண்கள் இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்கள். வங்கிமேல் நம்பிக்கை இப்படித்தான் கரைகிறது.

நம்பிக்கை என்பது உங்கள் சாலைக்குப் புதிய விஷயம் கிடையாது. 1906இல், மக்களிடம் டெபாசிட் வாங்கி நடத்திய அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது அந்தக் கடற்கரைச் சாலையில்தான் மக்கள் பணத்தைப் பறிகொடுத்து நின்றார்கள். அந்த அடிக்குப் பிறகுதான் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. போட்ட பணம் போட்டபடி இருக்கும் என்ற ஒரே வாக்குறுதிக்காகத்தான் ஜனங்கள் வங்கிக்கு வருகிறார்கள்.

சரி, விதிக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி, நகரங்களில் புதிதாகக் கணக்கு தொடங்குகிறவர்கள் 50,000 ரூபாய் வைத்திருக்க வேண்டும் என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்த சில நாட்களிலேயே 15,000 ஆகக் குறைத்தது. அப்போது உங்கள் ஆளுநர், மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்பதை அந்தந்த வங்கியின் முடிவுக்கே விட்டிருக்கிறோம், அது எங்கள் ஒழுங்குமுறைக்குள் வராது என்ற பொருளில் பேசினார். எவ்வளவு என்பது வங்கியின் விருப்பமாகவே இருக்கட்டும். எப்படி அபராதம் போட வேண்டும் என்பதை நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்களே. 2014 நவம்பரில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இருப்பு குறைந்தால் முதலில் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சரிசெய்ய ஒரு மாதம் கொடுக்க வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அதற்குத் தக்கபடிதான் அபராதம் இருக்க வேண்டும். அபராதத்தால் மட்டுமே கணக்கு மைனஸில் போகக் கூடாது. படிக்கும்போது நல்ல மனசோடு எழுதியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் கடைக்கு வரும்போது அந்த விதி என்ன ஆகிறது என்று கேளுங்கள். தெரிவிப்பது என்பது ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ். அது எந்த எண்ணுக்குப் போகிறது? ஐந்து வருடம் முன்னால் கணக்கு தொடங்கும்போது கொடுத்த, இப்போது உயிரோடு இல்லாத சிம்முக்கு. அல்லது பேரன் வைத்திருக்கிற போனுக்கு. மைனஸில் போகக் கூடாது என்பதற்கு, ஆயா விஷயத்தில் நான் கண்ணால் பார்த்தது, பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுப் பாக்கியைக் குறித்து வைத்துக்கொண்டு, பணம் வந்த நிமிடம் எடுப்பது. கணக்கு மைனஸில் போகவில்லை. ஆயாதான் கடனாளி ஆனார்.

மினிமம் பேலன்ஸே தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கை எல்லா வங்கியும் தர வேண்டும் என்று 2012இலேயே நீங்கள் சொல்லிவிட்டீர்கள். பணம் போடக் கட்டணம் இல்லை, ஏடிஎம் கார்டுக்குக் கட்டணம் இல்லை, மாதம் நான்கு தடவை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் பாதிக் குடும்பங்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆயாவின் கணக்கை அதற்கு மாற்றித் தரச் சொல்லி நானே அவரோடு போனேன். முதல் நாள், அப்படியொரு கணக்கு இப்போது இல்லை என்றார்கள். இரண்டாம் நாள், மேனேஜர் இல்லை. மூன்றாம் நாள் மனுவாக எழுதி, நகலில் சீல் வேண்டும் என்று நான் கௌண்டரை விட்டு நகராமல் நின்றதால் வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாளும் ஆயாவுக்கு வியாபாரம் போச்சு. உரிமை இருக்கிறது என்று தெரிந்த, கௌண்டரில் வாக்குவாதம் செய்யத் தெரிந்த ஒருத்தி கூட வந்தால்தான் அது கிடைக்கும் என்றால், அந்த விதியால் யாருக்கு லாபம்?

துணிக்கடைப் பிள்ளைகளுக்கு வேறு மாதிரி. தீபாவளிக்கு முன்னால் வேலைக்கு எடுத்துச் சம்பளக் கணக்கு தொடங்கிக் கொடுப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு வேலை இருக்காது. சம்பளம் வராததால் அது சாதாரணக் கணக்காக மாறிவிடும், மினிமம் பேலன்ஸ் வந்துவிடும். மாறியது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

இதையெல்லாம்விட என்னை அதிகம் தொந்தரவு செய்வது பவுன்ஸ் கட்டணம். கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிற ஒரு தம்பி, தவணையில் போன் வாங்கியிருந்தான். மாத டியூ 1,450. பிடிப்பது 5ஆம் தேதி. அந்த மாதம் சம்பளம் வந்தது 9ஆம் தேதி. 5ஆம் தேதி பணம் இல்லாததால் வங்கி 295 போட்டது. மூன்று நாள் கழித்து நிதி நிறுவனம் மறுபடி அனுப்பியது. மறுபடி 295. நிறுவனம் தன் பங்குக்கு 590. ஆக 1,450 ரூபாய் டியூ நான்கு நாள் தாமதமானதற்கு 1,180 ரூபாய் அபராதம். தம்பி ஒரு வார்த்தை சொன்னான்: "அக்கா, பஸ்ல எவனாவது பாக்கெட் அடிச்சா போலீசாண்ட போலாம். இதுக்கு எங்க போறது?"

இந்தப் பக்கத்தில் தண்டல் என்றால் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, முன்கூட்டியே பிடித்தது போக எட்டாயிரத்து ஐந்நூறு கையில் கொடுத்துவிட்டு, தினம் நூறு ரூபாய் நூறு நாள் வசூலிப்பார்கள். இந்தக் கொடுமையைத் தடுக்க 2003இல் தமிழ்நாடு அரசு கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடைசெய்து சட்டம் போட்டது. இன்று அதே தம்பி செயலியில் கடன் வாங்கினால் ப்ராசஸிங் கட்டணம், இன்ஷூரன்ஸ், ஜிஎஸ்டி என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் மீதி வருகிறது. 2024 அக்டோபர் முதல் தனிநபர் வாங்குகிற ஒவ்வொரு தவணைக் கடனுக்கும் எல்லாக் கட்டணமும் சேர்த்த வருட வட்டியைக் காட்டும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும், அது கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டீர்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் என் கடையில் பிரின்ட் எடுக்க வருகிற அறிக்கைகளில் தமிழில் ஒன்றைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. ஓடிபி சொன்னதும் கையெழுத்து முடிந்துவிடுகிறது.

அபராத வட்டி கூடாது, அபராதத்தைக் கடனோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் சொன்னவர்கள் நீங்கள். அபராதம் வருமானம் பெருக்குகிற வழியாக இருக்கக் கூடாது என்று அந்தச் சுற்றறிக்கையிலேயே சொல்லியிருக்கிறீர்கள். அதே எண்ணத்தைச் சேமிப்புக் கணக்குக்கும் பவுன்ஸுக்கும் கொண்டுவர என்ன தடை?

வருமானம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், 2023 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அரசே கொடுத்த கணக்கு இருக்கிறது. பொதுத்துறை வங்கிகளும் ஐந்து பெரிய தனியார் வங்கிகளும் சேர்ந்து 2018 முதல் பிடித்தது 35,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் மினிமம் பேலன்ஸ் அபராதம் மட்டும் 21,000 கோடிக்கு மேல், கூடுதல் ஏடிஎம் பயன்பாட்டுக்கு 8,000 கோடிக்கு மேல், எஸ்எம்எஸ்ஸுக்கு 6,000 கோடிக்கு மேல். எஸ்எம்எஸ் கட்டணத்தை அனுப்பிய அளவுக்குத்தான் வாங்க வேண்டும் என்று 2013லேயே நீங்கள் சொல்லியிருந்தீர்கள். மூன்று மாதத்தில் ஒரே ஒரு செய்தி வந்த கணக்கிலும் நான் பார்ப்பது அதே 17.70தான்.

வங்கிக்கும் செலவு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஏடிஎம்முக்கு வாடகை, கரண்ட், காவல், பணம் நிரப்புகிற வண்டி எல்லாம் இருக்கிறது. என் ஜெராக்ஸ் மெஷினுக்கே டோனர் என்ன விலை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் விலையை எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறேன். காசு கேட்டு வாங்குகிறேன், பர்ஸில் கைவிட்டு எடுப்பதில்லை. அபராதம் இல்லாமல் வங்கி நடத்த முடியும் என்பதையும் வங்கிகளே காட்டிவிட்டன. பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சில் மினிமம் பேலன்ஸை எடுத்தது. 2025இல் கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி என்று வரிசையாக எடுத்தார்கள். யாரும் கதவை மூடவில்லை.

ஏடிஎம் பற்றி ஒன்றே ஒன்று. கணக்கில் 480 ரூபாய் இருக்கிறவர், 500 ரூபாய் நோட்டு மட்டும் தருகிற மெஷின் முன்னால் நின்றால் அந்தப் பணம் அவருடையதா? 100 அல்லது 200 ரூபாய் நோட்டுகள் பெரும்பாலான ஏடிஎம்களில் கிடைக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் வங்கிகளுக்குச் சொன்னீர்கள். அதை எங்கள் தெரு மெஷின்களிலும் வந்து பாருங்கள். எடுக்க முடியாமல் நிற்கிற அந்தச் சில்லறை இருப்புதான் பிறகு கட்டணம் கட்டணமாகக் கரைந்து போகிறது.

இன்னொரு எண்ணைச் சொல்லாமல் விட முடியாது. 436. வருடா வருடம் மே மாதக் கடைசியில் பிடிப்பார்கள். கூடவே 20 ரூபாய். பிரதமர் பெயரிலான இரண்டு காப்பீட்டுத் திட்டங்கள், ஒன்று ஆயுள் காப்பீடு, மற்றது விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் ரூபாய் கிடைக்கும். திட்டத்தை நான் குறை சொல்லவில்லை, இந்த விலைக்கு வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் கேட்டுச் சேர்த்தார்களா? பலருக்கு, கணக்கு தொடங்கியபோது கையெழுத்துப் போட்ட ஏதோ ஒரு தாளில் அதுவும் இருந்திருக்கிறது. பிடிப்பது தெரியாததால் அவர்களுக்கு இழப்பு 456 ரூபாய்தான். காப்பீடு இருப்பதே தெரியாததால் வருகிற இழப்பு எவ்வளவு என்று யோசியுங்கள். இரண்டு வருடம் முன்னால் கணவனை இழந்த ஒரு பெண், இறப்புச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். அவர் கையிலிருந்த கணவரின் பாஸ்புக்கைத் தற்செயலாகப் புரட்டியபோது 436 கண்ணில் பட்டது. விண்ணப்பம் போட்டோம், பணம் வந்தது. அன்றிலிருந்து யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்கிறேன். நான் பார்க்காத வீடுகளை நினைத்தால் சில நாள் தூக்கம் வருவதில்லை.

புகார் சொல்ல வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, 14448 என்ற எண்ணும் இணையதளமும். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், அப்புறம் உங்களிடம் வரலாம். இணையம் தெரியாதவர் கடிதமாக அனுப்பினால் அது சண்டிகருக்குப் போக வேண்டும். கல்மண்டபத்து ஆயா, ராஜாஜி சாலையில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சண்டிகருக்கு எழுத வேண்டியிருக்கிறது. 354 ரூபாய்க்காக அதைச் செய்ய யாருக்குத் தெம்பு இருக்கும்? தொகை சின்னதாக இருப்பதால்தான் இது இத்தனை வருடமாக ஓடுகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கணக்கில் மூன்று மாதம் தொடர்ந்து மினிமம் பேலன்ஸ் இல்லையென்றால், அந்த மனிதரிடம் பணம் இல்லை என்று அர்த்தம். அபராதம் போடுவதற்குப் பதில் வங்கியே அவரைக் கூப்பிட்டுக் கேட்டு, அடிப்படைக் கணக்குக்கு மாற்றித் தரட்டும். மனு, மேனேஜர், மூன்று நாள் அலைச்சல் இல்லாமல். அரசு தருகிற நிவாரணம், உரிமைத் தொகை, முதியோர் ஓய்வூதியம், படிப்பு உதவித்தொகை எந்தக் கணக்கில் ஏறினாலும் அதிலிருந்து பழைய பாக்கியைப் பிடிக்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வருடம் இயங்காத கணக்குகளில் மினிமம் பேலன்ஸ் அபராதம் கூடாது என்று 2024 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்தினீர்கள் அல்லவா, அதுபோல. ஒரு டியூ ஒரு மாதத்தில் எத்தனை தடவை திரும்பினாலும் ஒரே ஒரு கட்டணம்தான் என்று வரம்பு வையுங்கள். பாஸ்புக்கில் கட்டணத்தின் பெயரைத் தமிழில் முழுதாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது வருவதானால் கடை காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தால் நல்லது, அன்றுதான் பாஸ்புக்கோடு அதிகம் பேர் வருவார்கள். ஆயாவின் மனு இன்னும் அந்தக் கிளையில்தான் இருக்கிறது, சீல் போட்ட நகல் என் மேஜை டிராயரில். அடுத்த தடைக்காலம் ஏப்ரல் 15 அன்று தொடங்குகிறது. நிவாரணம் அவர் கணக்கில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கணக்கு மாற்றப்பட வேண்டும்.

இப்படிக்கு,
கல்மண்டபம் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி
ராயபுரம், சென்னை